கிரேக்கக் கதைகளை அவற்றின் ஊர்களிலிருந்து பிரிக்காதீர்கள்

கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுதும் எழுத்தாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அவற்றை நூலாக்கும் பதிப்பாளர்களுக்கும், வகுப்பறையில் எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களுக்கும்,

ஈடிபஸ், அகமெம்னான், மெடியா, பெர்சியஸ் ஆகிய பெயர்கள் இன்று தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல என்றால், அதற்கு உங்கள் உழைப்பே காரணம். அந்த நன்றியை முதலில் பதிவு செய்துவிட்டே இம்மடல் தன் மனக்குறையைச் சொல்ல முற்படுகிறது. நீங்கள் சொல்லும் கதைகளில் கடவுளர் இருக்கிறார்கள், அரக்கர் இருக்கிறார்கள், சாபமும் பழியும் இருக்கின்றன. ஆனால் அக்கதைகள் எந்த ஊருக்கு உரியவை, அந்த ஊரை எந்தக் குலம் ஆண்டது, அந்தக் குலத்தின் பெயரைச் சொல்லிப் பிற்காலத்தில் யார் யார் என்னென்ன உரிமை கொண்டாடினார்கள் என்ற செய்திகள் மட்டும் பெரும்பாலும் காணாமற்போகின்றன. தீப்ஸ் என்ற நகரம் ‘ஒரு நாடு’ ஆகிறது. ஆர்கோஸின் அரசன் ‘ஓர் அரசன்’ ஆகிறான். பல தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு வம்சத்தின் வழக்கு ஒரு தனிமனிதனின் தலைவிதியாகச் சுருங்கிவிடுகிறது. பக்கம் குறையட்டும், பெயர்க் குழப்பம் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தோடு நீங்கள் செய்யும் இந்த வெட்டு, அக்கதைகள் சொல்லப்பட்டதற்கான காரணத்தையே வெட்டி எறிந்துவிடுகிறது.

இன்று கிரேக்கம் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் நிலப்பரப்பு பண்டைக்காலத்தில் ஒரே அரசாக இருந்ததில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அது நூற்றுக்கணக்கான ‘பொலிஸ்’களால், அதாவது ஒரு நகரமும் அதைச் சுற்றிய வயல்களும் சிற்றூர்களும் சேர்ந்து தமக்கெனச் சட்டமும் படையும் காவல் தெய்வமும் வைத்துக்கொண்ட நகர அரசுகளால் ஆனது. எல்லாருக்கும் பொதுவான மறைநூல் அவர்களிடம் இல்லை. இதுதான் சரியான கதை என்று தீர்ப்பளிக்கும் குருபீடமும் இல்லை. ஹோமரின் காவியங்களை எல்லா நகரங்களும் போற்றின, ஆனால் அவற்றோடு ஒத்துப்போகாத உள்ளூர்க் கதைகளை அவை கைவிடவும் இல்லை. கடவுள் அல்லாத, ஆனால் இறந்த பின்னும் தன் எலும்புகள் கிடக்கும் மண்ணைக் காக்கும் ஆற்றல் உடையவனாகக் கருதப்பட்ட ஒரு முன்னோனுக்கு ஊரார் பலியிட்டுச் செய்த சிறப்பை ஆய்வாளர்கள் நாயகர் வழிபாடு என்று அழைக்கிறார்கள். தொன்மங்களில் வரும் அரசர்களில் பலர் இவ்வாறு ஏதேனும் ஓர் ஊரில் கல்லறையும் பலிபீடமும் பெற்றிருந்தவர்கள். ஆகவே ஓர் அரச குலத்தின் கதை அந்த ஊர் மக்களுக்கு, தகராறு வரும்போது பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் மூலப்பத்திரம் போன்றது. பத்திரத்தில் ஊர்ப்பெயரையும் எல்லைகளையும் அழித்துவிட்டு எஞ்சிய எழுத்தை மட்டும் படிக்கத் தருவது வாசகருக்குச் செய்யும் உதவி ஆகாது.

அகமெம்னானின் குலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில், படையினர் முன்னால் எழுந்து நிற்கும் அகமெம்னானின் கையிலுள்ள செங்கோலின் வரலாற்றை ஹோமர் நின்று நிதானமாகச் சொல்கிறார். கொல்லர் கடவுளான ஹெஃபைஸ்டஸ் அதைச் செய்து சியூஸுக்குக் கொடுக்க, சியூஸிடமிருந்து ஹெர்மிஸுக்கும், ஹெர்மிஸிடமிருந்து பெலொப்ஸுக்கும், பெலொப்ஸிடமிருந்து அட்ரியஸுக்கும் அது செல்கிறது. அட்ரியஸ் இறக்கும்போது அதைத் தயெஸ்டீஸிடம் விட்டுச் செல்கிறான், தயெஸ்டீஸ் அகமெம்னானிடம் விட்டுச் செல்கிறான். உடன்பிறந்தவனின் பிள்ளைகளைக் கொன்று சமைத்து, அந்த உடன்பிறந்தவனுக்கே அட்ரியஸ் விருந்து வைத்தான் என்று நீங்கள் எழுதும் கொடுமையின் சாயல்கூட இந்த வரிசையில் இல்லை. கோல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு அமைதியாக மாறுகிறது. அந்தப் பகையைப் பற்றி ஹோமர் அறிந்திருந்தாரா இல்லையா என்பது பழங்கால உரையாசிரியர்களே வாதிட்ட கேள்வி. ஆனால் ஒன்று தெளிவு: சியூஸின் கையிலிருந்து தொடங்கும் இந்தச் செங்கோல் வரிசை, பல தீவுகளையும் ஆர்கோஸ் முழுவதையும் ஆளும் உரிமை ஒருவனுக்கு எப்படி வந்தது என்று கேட்பவருக்குத் தரப்படும் விடை. நீங்கள் இதைத் தவிர்த்துவிட்டு நேராக அக்கிலீஸின் சினத்துக்குப் போகும்போது, அச்சினம் யாருடைய எந்த அதிகாரத்தை எதிர்த்து எழுந்தது என்பது வாசகருக்குப் புலப்படாமல் போகிறது.

இந்தக் கோல் பற்றிய இன்னொரு செய்தியும் உங்கள் நூல்களில் இடம்பெறத் தக்கது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து ஊர் ஊராக விவரித்து எழுதிய பௌசானியஸ், பியோஷியா நாட்டின் கைரோனேயா என்ற ஊரில் மக்கள் எந்தக் கடவுளையும்விட அதிகமாக இந்தச் செங்கோலையே போற்றியதாகச் சொல்கிறார். அவர்கள் அதை ‘ஈட்டி’ என்று அழைத்தார்கள். அதற்கெனப் பொதுக்கோயில் எதுவும் இல்லை. அந்தந்த ஆண்டின் பூசாரி அதைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார், அதற்கு நாள்தோறும் பலி கொடுக்கப்பட்டது, அதன் அருகே இறைச்சியும் பலவகைப் பலகாரங்களும் நிறைந்த ஒரு மேசை போடப்பட்டிருந்தது. காவியத்தில் வந்த ஒரு கோல் ஒரு சிற்றூரின் பூசாரி வீட்டில் படையல் ஏற்றுக்கொண்டிருந்தது என்ற இந்தச் செய்தி, கிரேக்கர்கள் தம் கதைகளை எப்படி நம்பினார்கள் என்பதைப் பல பக்க விளக்கங்களைவிடத் தெளிவாகக் காட்டும்.

அகமெம்னானின் அரண்மனை எங்கே இருந்தது என்று கேட்டால் நீங்கள் மைசீனி என்பீர்கள். ஹோமர் சொல்வதும் அதுவே. ஆனால் ஸ்டெசிக்கோரஸும் சைமோனிடீஸும் அதை ஸ்பார்ட்டா நாட்டில் வைத்துப் பாடியதாகப் பழைய உரைகள் கூறுகின்றன, பிண்டார் ஸ்பார்ட்டாவை ஒட்டிய அமிக்ளேயில் அவனைச் சாகவைக்கிறார், கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ‘ஓரெஸ்டேயா’ என்ற முந்நாடகத் தொகுதியில் எஸ்கிலஸ் மைசீனி என்ற பெயரையே எடுக்காமல் அந்த அரண்மனையை ஆர்கோஸுக்கு மாற்றுகிறார். இவற்றைக் கவிஞர்களின் மறதி என்று நீங்கள் கருதிவிட வேண்டாம். பாரசீகப் படையெடுப்பின்போது ஆர்கோஸ் ஒதுங்கி நிற்க, அதன் அண்டைச் சிற்றூரான மைசீனி தெர்மாப்பிலேக்கு 80 வீரர்களை அனுப்பியது. அந்தப் பெருமையும், பொதுவான ஹீரா கோயிலின் மீதான உரிமைத் தகராறும் சேர்ந்து பகையை வளர்க்க, கி.மு. 468 அளவில் ஆர்கோஸ் மைசீனியை முற்றுகையிட்டு அழித்து, அதன் மக்களை வெளியேற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவை விட்டு விலகி ஆர்கோஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தச் சூழலில்தான் எஸ்கிலஸின் மேடையில் ஆர்கோஸின் இளவரசன் ஓரெஸ்டீஸ், தாயைக் கொன்ற பழியிலிருந்து ஏதென்ஸின் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டு, தன் நாட்டார் இனி ஒருபோதும் ஏதென்ஸின் மீது படையெடுக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறான். பார்வையாளர்கள் அந்தச் சத்தியத்தைக் கேட்டபோது அவர்கள் மனத்தில் எழுந்தது பழங்கதையா, சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட உடன்படிக்கையா? இரண்டும்தான். அந்த இரண்டாவதை நீங்கள் வாசகருக்குத் தருவதில்லை.

ஸ்பார்ட்டாவும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய அரசர்கள் இரண்டு அரச குலங்களைச் சேர்ந்தவர்கள்; இரண்டும் ஹெராக்கிளீஸின் வழித்தோன்றலான அரிஸ்டோடெமஸுக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளிலிருந்து வந்தவை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதாவது, படையெடுத்து வந்து குடியேறிய டோரிய இனத்தவர் என்று அறியப்பட்ட அவர்கள், ஹெராக்கிளீஸின் வழித்தோன்றல்கள் தமக்குரிய பங்கைத் திரும்பப் பெற வந்தார்கள் என்ற கதையால் அந்த வருகையை வாரிசுரிமை ஆக்கினார்கள். அது போதாமல் பழைய அகமெம்னான் குலத்தையும் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அண்டை நகரமான டெகேயாவை வெல்ல முடியாமல் தவித்தபோது, ஓரெஸ்டீஸின் எலும்புகளைக் கொண்டுவரும்படி டெல்ஃபி ஆலயத்தின் குறிவாக்கு அவர்களுக்குச் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டன் டெகேயாவில் ஒரு கொல்லன் பட்டறையில் இரும்பு அடிப்பதை வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைக் கண்ட கொல்லன், இதற்கே வியந்தால் எப்படி, முற்றத்தில் கிணறு வெட்டியபோது ஏழு முழ நீளச் சவப்பெட்டி கிடைத்தது, அத்தனை உயரமான மனிதர்கள் இருந்தார்கள் என்று நம்பாமல் திறந்தேன், உள்ளே கிடந்த உடலும் அதே நீளம், அளந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட்டேன் என்கிறான். எலும்புகள் இருக்கும் இடத்தைப் புதிராகச் சொன்ன குறிவாக்கில் வந்த இரண்டு காற்றுகள் இவன் துருத்திகள், அடியும் எதிரடியும் சுத்தியலும் பட்டடையும் என்று லிக்காஸ் புரிந்துகொண்டு, நாடு கடத்தப்பட்டவனைப் போல் நடித்து அந்த முற்றத்தை வாடகைக்குப் பெற்று, எலும்புகளைத் தோண்டியெடுத்து ஸ்பார்ட்டாவுக்குக் கொண்டுபோகிறான். அதற்குப் பின் நடந்த மோதல்களில் ஸ்பார்ட்டாவே மேலோங்கியது என்கிறார் ஹெரோடோட்டஸ். ஓரெஸ்டீஸின் கதையைத் தாய்க்கொலையோடும் பழிதேவதைகளின் துரத்தலோடும் முடித்துவிடும் நீங்கள், அவனுடைய எலும்புகள் பிற்காலத்தில் ஒரு போரின் போக்கையே மாற்றியதாக நம்பப்பட்டதை ஒரு பத்தியிலாவது சொன்னால், தொன்மம் என்பது முடிந்துபோன பழங்காலம் என்ற தவறான எண்ணம் மாணவரிடம் படியாது.

தீப்ஸின் அரச குலத்தில் இழப்பு இன்னும் பெரிது. ஈடிபஸ் உண்மையை அறிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொண்டான், நாட்டைவிட்டுப் போனான், ஏதென்ஸ் மண்ணில் மறைந்தான் என்பதையே முழுக்கதையாக நீங்கள் தருகிறீர்கள். அது சோஃபோக்ளீஸ் தம் இரண்டு நாடகங்களில் அமைத்த கதை. அவர் ஏதென்ஸின் குடிமகன். ஒடிசியில் உண்மை வெளிப்பட்டதும் தாய் தூக்கிட்டுக்கொள்கிறாள், அங்கே அவள் பெயர் எபிகாஸ்டே; ஆனால் ஈடிபஸ் துன்பங்களைச் சுமந்தபடி தீப்ஸிலேயே தொடர்ந்து ஆள்கிறான். இலியட்டில் அவனுடைய இறுதிச்சடங்கு விளையாட்டுகள் தீப்ஸில் நடந்ததாகக் குறிப்பு வருகிறது. யூரிப்பிடீஸின் ‘ஃபினீஷியப் பெண்கள்’ நாடகத்தில், மகன்கள் இருவரும் அரியணைக்காகப் போரிடும் காலத்திலும் தாய் யொகாஸ்டா உயிரோடு இருக்கிறாள், குருடனான ஈடிபஸ் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறான். சோஃபோக்ளீஸ் தம் இறுதி நாடகத்தில் ஈடிபஸின் கல்லறையைத் தாம் பிறந்த கொலோனஸ் என்ற ஊரிலேயே, யாரும் அறியாத இடத்தில் வைத்து, அது தீப்ஸின் தாக்குதலிலிருந்து ஏதென்ஸைக் காக்கும் என்று சொல்லவைத்தார். அந்நாடகம் அவர் இறந்த பின் கி.மு. 401இல் அரங்கேறியது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், ஏதென்ஸ் போரில் தோற்றுச் சரணடைந்தபோது, அந்நகரை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் தீப்ஸ் முன்னணியில் நின்றது. அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்குத் தீப்ஸின் அரசன் தங்கள் மண்ணுக்குக் காவலாகிறான் என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஏதென்ஸுக்கு வந்த பௌசானியஸ், அரியோபகஸ் குன்றருகே ஈடிபஸின் நினைவிடம் ஒன்றைக் காண்கிறார்; விசாரித்ததில், எலும்புகள் தீப்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று அறிகிறார்; சோஃபோக்ளீஸ் சொல்லும் மரணத்தை ஏற்க முடியவில்லை, ஹோமர் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாரே என்று எழுதிவைக்கிறார். இரண்டு கவிஞர்களையும் ஒரு கல்லறையையும் எதிரெதிரே வைத்து எடைபோட்ட இந்தப் பழங்கால வாசகருக்கு இருந்த வாய்ப்பு தமிழ் வாசகருக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

அதே தீப்ஸுக்குத் தோற்றக் கதைகளே இரண்டு. ஃபினீஷிய நகரமான டயரிலிருந்து தங்கை யூரோப்பாவைத் தேடி வந்த காட்மஸ், டெல்ஃபியின் குறிவாக்குப்படி ஒரு பசுவைப் பின்தொடர்ந்து, அது படுத்த இடத்தில் நகரம் அமைத்து, ஏரீஸின் பாம்பைக் கொன்று அதன் பற்களை விதைக்க, மண்ணிலிருந்து ஆயுதத்தோடு ஆட்கள் முளைத்தார்கள் என்பது ஒன்று. ஏழு வாயில்கள் கொண்ட தீப்ஸை முதலில் தோற்றுவித்தவர்கள் ஆம்ஃபியோனும் ஸீதஸும் என்று ஒடிசி சொல்வது மற்றொன்று. பின்வந்த தொகுப்பாளர்கள் காட்மஸ் கோட்டையையும் இரட்டையர் மதிலையும் கட்டினார்கள் என்று சமாதானம் செய்து வைத்தார்கள். காட்மஸ் வெளிநாட்டவன் என்பது வெறும் கதைச்சுவை அல்ல. ஆர்கோஸின் டனாவ்ஸ் எகிப்திலிருந்தும், பெலொப்ஸ் ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள் என்றே கதைகள் சொல்கின்றன. ஏதென்ஸ் மட்டும் தன் முதல் அரசர்களான கெக்ரோப்ஸும் எரிக்தோனியஸும் அந்த மண்ணிலிருந்தே பிறந்தவர்கள் என்று பெருமை பேசியது. பிளேட்டோவின் ‘மெனெக்ஸெனஸ்’ உரையாடலில் வரும் இரங்கலுரை பெலொப்ஸையும் காட்மஸையும் டனாவ்ஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நாங்கள் அப்படிக் கலந்தவர்கள் அல்லர் என்று மார்தட்டுகிறது. கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம், தாய் தந்தை இருவரும் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று வரையறுத்தது. மண்ணில் பிறந்த பாம்புடல் அரசனின் கதையை நீங்கள் குழந்தைகளுக்கான விந்தையாக மட்டும் தரும்போது, அக்கதை யாரை உள்ளே சேர்க்கவும் யாரை வெளியே நிறுத்தவும் பயன்பட்டது என்பது மறைந்துவிடுகிறது.

கதைக்கு இவ்வளவு வலிமை இருந்ததா என்று நீங்கள் ஐயப்பட்டால் சிக்கியோன் நகரத்தைப் பாருங்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஆண்ட கிளைஸ்தனீஸ் ஒரு ‘டைரன்னோஸ்’, அதாவது மரபுரிமையால் அன்றித் தன் வலிமையால் ஆட்சியைப் பிடித்தவன். ஆர்கோஸோடு பகை கொண்டிருந்த அவன், ஹோமரின் பாடல்கள் ஆர்கோஸைப் போற்றுகின்றன என்பதற்காக அவற்றைப் பாடுவோரின் போட்டிகளை நிறுத்தினான். ஆர்கோஸ்காரனான அட்ராஸ்டஸுக்கு, தீப்ஸின் மீது படையெடுத்த எழுவர் தலைவனுக்கு, சிக்கியோன் சந்தைவெளியிலேயே கோயில் இருந்தது. அவனை வெளியேற்றலாமா என்று டெல்ஃபியில் கேட்டதற்கு ஒரு வசைதான் விடையாகக் கிடைத்தது. உடனே கிளைஸ்தனீஸ் தீப்ஸிலிருந்து மெலானிப்பஸை வரவழைத்துக் கோயில் கட்டினான். வரவழைத்தது ஓர் உயிருள்ள மனிதனை அன்று, அட்ராஸ்டஸின் தம்பியையும் மருமகனையும் கொன்ற, எப்போதோ இறந்துபோன நாயகனை. அட்ராஸ்டஸுக்குரிய பலிகளும் திருவிழாக்களும் மெலானிப்பஸுக்குப் போயின, அட்ராஸ்டஸின் துன்பங்களைப் பாடிய கூட்டுப்பாடல்கள் டயோனிசஸுக்குப் போயின. பரம்பரைப் பகைவனைப் பக்கத்தில் குடியேற்றினால் பழைய நாயகன் தானாகவே வெளியேறுவான் என்பது கணக்கு. ‘தீப்ஸை எதிர்த்த எழுவர்’ கதையைப் படிக்கும் மாணவருக்கு இதைச் சொன்னால், அந்தப் பெயர்கள் அவர்களுக்கு மறக்குமா?

மாசிடோனிய அரசர்களின் கதையும் இவ்வகைதான், ஆனால் அதன் அழகு தனி. ஆர்கோஸின் டெமெனஸ் குலத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் ஓடிவந்து, வடக்கே ஒரு சிற்றரசனிடம் கூலிக்குக் கால்நடை மேய்க்கிறார்கள். அரசி தன் கையால் ரொட்டி சுடுகிறாள். இளையவன் பெர்டிக்கஸின் ரொட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் இருமடங்காக உப்புகிறது. அஞ்சிய அரசன் அவர்களைப் போகச் சொல்கிறான். கூலி கேட்டபோது, புகைபோக்கித் துளை வழியே தரையில் விழுந்த வெயிலைக் காட்டி, இதுதான் உங்கள் கூலி என்கிறான். மூத்தவர்கள் திகைத்து நிற்க, பெர்டிக்கஸ் தன் கத்தியால் தரையில் அந்த வெயிலைச் சுற்றிக் கோடு கிழித்து, மூன்று முறை அதை அள்ளித் தன் மடியில் இட்டுக்கொண்டு புறப்படுகிறான். ஹெரோடோட்டஸ் சொல்லும் இந்தக் கதையின் பயன் என்ன தெரியுமா? அவன் வழிவந்த முதலாம் அலெக்சாண்டர் ஒலிம்பியாவில் ஓட வந்தபோது, இவன் கிரேக்கன் அல்லன் என்று பிற போட்டியாளர்கள் தடுத்தார்கள்; தன் குலம் ஆர்கோஸிலிருந்து வந்தது என்று நிறுவிய பின்பே அவன் அனுமதிக்கப்பட்டான். அவனுக்குப் பின்வந்த மகா அலெக்சாண்டர் தந்தை வழியில் ஹெராக்கிளீஸையும் தாய் வழியில் அக்கிலீஸையும் முன்னோராகக் கொண்டாடினார் என்பதை நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தக் கொண்டாட்டம் முளைத்த தரையில் விழுந்த வெயிலை விட்டுவிடுகிறீர்கள்.

மெடியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் எழுத்தால் மிக அதிகமாக அநீதிக்கு உள்ளானவள் அவளே. பிள்ளைகளைத் தன் கையால் கொன்ற தாய் என்பதே அவளுடைய முழு அடையாளமாகிவிட்டது. அந்த வடிவத்துக்குப் புகழ் தந்தது கி.மு. 431இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகம்; அந்த ஆண்டில்தான் ஏதென்ஸுக்கும், கொரிந்தையும் உள்ளடக்கிய ஸ்பார்ட்டாவின் அணிக்கும் இடையிலான பெரும்போர் மூண்டது. ஆனால் கொரிந்திலேயே வேறு கதை இருந்தது: அந்நகரத்து மக்களே அவளுடைய பிள்ளைகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள், அதன் பழியால் கொரிந்தின் பச்சிளங்குழந்தைகள் இறந்தன, குறிவாக்குப்படி ஆண்டுதோறும் பலி கொடுத்து அப்பழியைத் தீர்த்தார்கள், அவர்களுக்காகக் கொரிந்தின் சிறுவர்கள் தலைமுடியை வெட்டிக் கறுப்பு உடை அணிந்தார்கள். கி.மு. 146இல் ரோமானியர் நகரை அழித்துப் பழைய குடிகள் மறைந்த பிறகுதான் அவ்வழக்கம் நின்றது என்கிறார் பௌசானியஸ். தன் குற்றத்தை ஏற்று ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்குத் துக்க உடை உடுத்திய இந்த வடிவத்தை மறைத்து, அயல்நாட்டுப் பெண்ணின் வெறியை மட்டும் தமிழில் நிலைநிறுத்துவது நேர்மையாகாது.

இத்தனை வம்சப்பட்டியல்களைப் படிக்க வாசகருக்குப் பொறுமை இல்லை, குழந்தைகள் கதைதான் கேட்பார்கள் என்பது உங்கள் மறுமொழியாக இருக்கக்கூடும். சூரியனிலிருந்து தொடங்கிச் சோழர் குலத்தை வரிசைப்படுத்தும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும், ஒவ்வொரு கோயிலுக்கும் உள்ள தலபுராணத்தையும் அறிந்த ஒரு வாசகக் கூட்டத்துக்கு, ஊரும் குலமும் சேர்ந்த கதை அயலானது என்று எவரும் சொல்ல முடியாது. அதை அயலாக்கியது, நீங்கள் மூலமாகக் கொள்ளும் ஆங்கிலச் சுருக்கங்களே. 1855இல் வெளிவந்த பல்ஃபின்ச்சின் தொகுப்பும் 1942இல் வெளிவந்த எடித் ஹாமில்டனின் தொகுப்பும் தத்தம் வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவத்தையே கிரேக்கர்களின் ஒரே வடிவமாக நீங்களும் கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

எதிர்த்திசையில் ஒரு மிகையும் உண்டு; அதையும் தவிர்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1876இல் ஹைன்ரிஷ் ஷ்லீமன் மைசீனியில் தோண்டியெடுத்த பொன் முகமூடியை ‘அகமெம்னானின் முகம்’ என்று படத்தோடு வெளியிடுகிறீர்கள். அது கி.மு. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழங்கிரேக்கர்கள் டிராய்ப் போருக்குக் கணித்த காலத்துக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த ‘லீனியர் பி’ எழுத்துப் பலகைகள் மைசீனி முதலிய அரண்மனைகளின் ஆடு, கம்பளி, எண்ணெய்க் கணக்குகளையே பெரும்பாலும் தருகின்றன, அட்ரியஸின் விருந்தை அல்ல. மைசீனியின் சிங்க வாயிலின் கற்கள் உண்மை, அவற்றின் மேல் பிற்காலத்தார் ஏற்றிய குலக்கதையும் ஒரு சமூக உண்மை. இரண்டையும் ஒட்டவைத்து ஒரே வரலாறாக்குவது ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பிரித்தறிய உழைத்ததை வீணாக்கும்.

ஆகவே உங்களிடம் இம்மடல் கேட்பது இதுதான். எழுத்தாளர்களே, மொழிபெயர்ப்பாளர்களே, கதையைத் தொடங்கும்போதே ஊரின் பெயரைச் சொல்லுங்கள்; அரசன் யாருடைய மகன், எந்த உரிமையால் அரியணையில் அமர்ந்தான் என்று சொல்லுங்கள். உரிமை பெண் வழியே வந்த இடங்களை மறைக்காதீர்கள்: பெலொப்ஸ் ஹிப்பொடாமியாவை மணந்தும், மெனெலாவ்ஸ் ஹெலனை மணந்தும், ஈடிபஸ் அரசனின் விதவையை மணந்தும்தான் ஆட்சிக்கு வந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால், ஹெலனை மீட்கப் புறப்பட்ட போரில் மானத்தோடு ஸ்பார்ட்டாவின் அரியணையும் சேர்ந்திருந்தது என்று வாசகர் தாமே காண்பார்கள். நீங்கள் தருவது ஹோமரின் வடிவமா, எஸ்கிலஸின் வடிவமா, யூரிப்பிடீஸின் வடிவமா என்று ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அதற்கு மாறான வடிவம் ஒன்றையாவது பக்கத்தில் வையுங்கள்.

பதிப்பாளர்களே, நூலின் முதல் பக்கங்களில் தீப்ஸ், ஆர்கோஸ், மைசீனி, ஸ்பார்ட்டா, ஏதென்ஸ், கொரிந்த் ஆகியவற்றைக் காட்டும் ஒரு நிலப்படமும், காட்மஸ் குலத்துக்கும் பெலொப்ஸ் குலத்துக்கும் தலா ஒரு குலவரிசைப் படமும் சேருங்கள். மொத்தம் மூன்று பக்கம்தான் கூடும். ஒரே மனிதனின் பெயர் ஒரே நூலில் இரண்டு விதமாக அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, ஈடிபஸின் கதையைச் சொல்லி முடித்ததும் அவனுடைய கல்லறைக்கு எந்தெந்த ஊர்கள் உரிமை கொண்டாடின, ஏன் கொண்டாடின என்ற கேள்வியை மாணவர்களிடம் கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாமல் அவர்களைத் தேடவிடுங்கள். அடுத்த பதிப்புக்கும் அடுத்த கல்வியாண்டுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. இந்தத் திருத்தங்களை அவற்றிலேயே தொடங்கிவிடுங்கள்.